வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்வது: யூஸபிலிட்டி சோதனை என்றால் என்ன?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள். மாதாமாதம் பராமரிப்புப் பணம் யார் கட்டினார்கள், யார் பாக்கி என்பதையெல்லாம் ஒரு நீளமான நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்தோம். கணினி வேலை பார்க்கிறவன் என்ற ஒரே காரணத்துக்காக, அதை ஆன்லைன் படிவமாக மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரே சனிக்கிழமையில் முடித்துவிட்டேன். வீட்டு எண், மாதம், தொகை, பணப் பரிமாற்ற எண், கடைசியில் 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான். இதில் யாருக்கு என்ன குழப்பம் வரப் போகிறது?

கீழ் வீட்டு மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் புலி. சோதித்துப் பார்க்கலாமே என்று, அவர் போனிலேயே படிவத்தைத் திறந்து கொடுத்து, "ஆகஸ்ட் மாசப் பணம் கட்டிட்டீங்கல்ல மாமா, அதை இதுல பதிவு பண்ணுங்க" என்றேன். வீட்டு எண் கேட்ட இடத்தில் 'தரைத்தளம், லிஃப்ட் பக்கத்தில்' என்று எழுதினார். நான் எதிர்பார்த்தது 'ஜி2'. மற்றதையெல்லாம் பொறுமையாக நிரப்பிவிட்டு, கீழே வந்து பொத்தானை அழுத்தினார். 'வீட்டு எண் தவறு' என்று சிவப்பு எழுத்தில் செய்தி வரத்தான் செய்தது. ஆனால் அது வந்தது பக்கத்தின் உச்சியில். மாமா இருந்தது பக்கத்தின் அடியில். அவர் கண்ணுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். இன்னொரு முறை. "நெட் இல்ல போல" என்று எழுந்து போய் வைஃபையை அணைத்துப் போட்டுவிட்டு வந்தார். நான்காவது முறை அழுத்தினார். அப்புறம் போனை என்னிடம் நீட்டி, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்றார்.

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அங்க இல்ல மாமா, மேல பாருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன அந்த நொடியே சோதனை முடிந்துபோயிற்று. நாளைக்கு மற்ற 23 வீட்டிலும் போய் 'மேல பாருங்க' என்று சொல்ல நான் இருக்க மாட்டேன் அல்லவா?

மனிதர்கள் கணினியோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராயும் துறைக்கு மனித–கணினி ஊடாட்டம் என்று பெயர். ஒரு பொருள் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது அதன் முக்கியமான பகுதி. அந்த எளிமையைத் தமிழில் 'பயன்பாட்டு எளிமை' என்று எழுதலாம். அலுவலகத்தில் எல்லோரும் 'யூஸபிலிட்டி' என்றுதான் சொல்கிறோம், நானும் இங்கே அப்படியே வைத்துக்கொள்கிறேன். 'எனக்கு இது வராது' என்று ஒருவர் சொல்லும்போது, வராதது அவருக்கா, அந்தப் பொருளுக்கா? இந்தத் துறை கிளம்பியது இந்தக் கேள்வியில் இருந்துதான்.

அப்போது கணினி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. இரண்டாம் உலகப்போர் சமயம். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சில விமானிகள் சக்கரத்தை உள்ளே மடக்கிவிடுவார்கள். விமானம் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நிற்கும். அவர்கள் மடக்க நினைத்தது, தரையிறங்குவதற்காக விரித்திருந்த இறக்கையின் மடிப்புகளை (ஃப்ளாப்). 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடிக்கொண்டிருந்தார்கள். 1943-இல் அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கும் மடிப்புக்கும் உரிய விசைகள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. இந்தக் குழப்பம் சில வகை விமானங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. விசைகளின் அமைப்பு வேறாக இருந்த சி-47 விமானத்தில் வரவில்லை. சப்பானிஸ் சொன்ன தீர்வு ரொம்பச் சின்னது: சக்கர விசையின் நுனியில் சக்கரம் போல ஒரு ரப்பர் வட்டம், மடிப்பு விசையின் நுனியில் ஆப்பு போல ஒரு துண்டு. இருட்டில் தடவினாலும் கைக்குத் தெரிந்துவிடும்.

1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் இப்படிப்பட்ட 460 சம்பவங்களைத் திரட்டி ஒரு அறிக்கை எழுதினார்கள். தலைப்பிலேயே 'விமானியின் தவறு' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். அந்த இரண்டு குறிகளுக்குள் இந்தத் துறையே அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஏறக்குறைய பாதிச் சம்பவங்களில் நடந்தது, ஒரு விசைக்குப் பதில் இன்னொன்றைத் தொட்டதுதான்.

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு உதாரணம் வேண்டுமா? உங்கள் போனில் எண் அழுத்தும் திரையைத் திறந்து பாருங்கள். மேல் வரிசையில் 1, 2, 3. இப்போது அதே போனில் கால்குலேட்டரைத் திறங்கள். மேல் வரிசையில் 7, 8, 9. கால்குலேட்டரின் வரிசை பழைய கூட்டல் இயந்திரங்களிடமிருந்து வழிவழியாக வந்தது. தொலைபேசியின் வரிசையை ஆட்களை உட்கார வைத்துச் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். சப்பானிஸும் மேரி லுட்ஸும் 1955-இல் வெளியிட்ட ஆய்வில், காலியான பொத்தான் படத்தைக் கொடுத்து 'எண்கள் எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்' என்று மக்களிடம் கேட்டிருந்தார்கள். படிக்கிற மாதிரியே இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று எழுதியவர்கள்தான் அதிகம். அதன்பின் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் வட்டமாக, சாய்வாக, ஐந்தைந்தாக இரண்டு வரிசை என்று பல அமைப்புகளைச் செய்து, எண்களை அழுத்தச் சொல்லி, நேரத்தையும் பிழைகளையும் எண்ணினார்கள். முன்னணியில் இருந்த அமைப்புகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தாலும் மூன்றுக்கு மூன்று, கீழே பூஜ்யம் என்ற கட்டு வென்றது. 1963 நவம்பரில் பென்சில்வேனியாவின் இரண்டு சிற்றூர்களில் பொத்தான் தொலைபேசி விற்பனைக்கு வந்தது. நம் ஏடிஎம் இயந்திரத்தில் இருப்பதும் அதே வரிசைதான். கால்குலேட்டர் வரிசையே உள்ள கணினி விசைப்பலகையில் நாள் முழுக்கத் தொகை தட்டுகிற கடைக்காரர் ஏடிஎம்மில் ரகசிய எண்ணைத் தப்பாக அழுத்தினால், அவரைக் குறை சொல்லாதீர்கள்.

பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதை இப்படி அளந்துவிடலாம். மாமாவுக்கு நடந்தது அந்த வகையில்லை. பொத்தான் சரியான இடத்தில்தான் இருந்தது, அதை அவர் நான்கு முறை சரியாக அழுத்தவும் செய்தார். இதைப் புரிந்துகொள்ள உதவுவது ஒரு நகல் இயந்திரத்தின் கதை.

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்துக்கு ஓர் ஆய்வு மையம் இருந்தது. மவுஸ், சாளரம் வைத்த திரை எல்லாம் வளர்ந்த இடம். 1980களின் தொடக்கத்தில் அங்கே லூசி சச்மன் என்ற மானுடவியலாளர் இருந்தார். மானுடவியல் படித்தவருக்கு நகல் இயந்திரக் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு புது இயந்திரம், பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று விளம்பரம் செய்யப்பட்டது, ஆனால் வாங்கியவர்களோ சிக்கலாக இருக்கிறது என்று புலம்பினார்கள். சச்மன் ஒரு இயந்திரத்தை ஆய்வு மையத்திலேயே வைத்து, இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, நகல் எடுக்கச் சொல்லி வீடியோ எடுத்தார். ஒரு வீடியோவில் இருக்கும் இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. ஒருவர் ரான் கப்லான், கணினி மொழியியல் அறிஞர். இன்னொருவர் ஆலன் நியூவெல், செயற்கை நுண்ணறிவுத் துறையின் மூலவர்களில் ஒருவர். இருபக்க நகல் எடுக்க இருவரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்கள். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்த்திருக்க வேண்டும்.

சச்மன் அந்த வீடியோக்களை எழுத்தில் இறக்கிய விதம்தான் எனக்குப் பிடித்தது. ஒரு தாளை நான்கு பத்தியாகப் பிரித்தார். மனிதர்கள் செய்ததில் இயந்திரத்துக்குத் தெரியாதவை முதல் பத்தியில், தெரிந்தவை இரண்டாவதில். இயந்திரம் செய்ததில் மனிதர்களுக்குத் தெரிந்தவை மூன்றாவதில், அது ஏன் அப்படிச் செய்தது என்ற வடிவமைப்பாளரின் காரணம் நான்காவதில். அந்த இருவரும் பேசியது, சந்தேகப்பட்டது, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எல்லாம் முதல் பத்தியில் நிரம்பி வழியும். இரண்டாவது பத்தியில் 'மூடி திறந்தது', 'பொத்தான் அழுத்தப்பட்டது' என்று அங்கங்கே ஒரு வரி. சாவித் துளை வழியாக ஒரு கல்யாண வீட்டைப் பார்த்துவிட்டு என்ன நடக்கிறது என்று ஊகிக்கிற மாதிரித்தான் இயந்திரம் மனிதனைப் பார்க்கிறது. தன் வாதத்தை அவர் 1987-இல் புத்தகமாக வெளியிட்டார்.

மாமாவின் கதையையும் அதே நான்கு பத்தியில் எழுதிப் பார்த்தேன். என் சர்வரின் பதிவில் இருந்தது: சமர்ப்பிப்பு, பிழை; சமர்ப்பிப்பு, பிழை; சமர்ப்பிப்பு, பிழை; சமர்ப்பிப்பு, பிழை. அவ்வளவுதான். 'நெட் இல்ல போல' அதில் இல்லை. வைஃபையை அணைத்தது இல்லை. 'எனக்கு வராதுப்பா' கண்டிப்பாக இல்லை. அந்தப் பதிவை மட்டும் பார்த்திருந்தால், யாரோ விளையாட்டுக்குத் தட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். எத்தனை பேர் எங்கே அழுத்தினார்கள் என்று இன்றைக்கு எல்லாச் செயலியும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. எங்கே இடறுகிறார்கள் என்று அது காட்டும். ஏன் என்று தெரிய, அந்த அறையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சரி, எப்படி உட்கார்வது?

பெரிய ஆய்வகம், கண்ணாடிச் சுவர் எல்லாம் தேவையில்லை. அந்தப் பொருளை உண்மையில் பயன்படுத்தப் போகிற ஒருவர், ஒரு போன், ஒரு நோட்டு, அரை மணி நேரம். உங்கள் அலுவலக நண்பரைக் கூப்பிடாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே பாதி தெரியும்.

முதலில் சொல்ல வேண்டியது: "சோதிப்பது உங்களை இல்லை, இந்தப் படிவத்தை." இதை ஒரு முறை சொன்னால் போதாது. நம் ஊரில் 'டெஸ்ட்' என்றாலே பரீட்சை நினைவுதான் வரும்.

அடுத்தது வேலையைக் கொடுப்பது. 'சமர்ப்பி பொத்தானை அழுத்துங்கள்' என்று சொன்னால், அந்தச் சொல்லைத் திரையில் தேடிக் கண்டுபிடிப்பார், அவ்வளவுதான். 'ஆகஸ்ட் பணம் கட்டியதைப் பதிவு செய்யுங்கள்' என்று நோக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். இந்த முறையை அலசி ஆராய்ந்தவர்கள் ஆண்டர்ஸ் எரிக்சன், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர். ஐபிஎம் கணினி நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982-இல் இதை யூஸபிலிட்டிக்குக் கொண்டுவந்தார். இடையில் 'ஏன் அதை அழுத்தினீர்கள்' என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு காரணத்தைத் தயாரிக்க ஆரம்பித்துவிடுவார், அவர் யோசிக்கிற போக்கே மாறிவிடும். பேச்சு நின்றுபோனால், 'சொல்லிக்கிட்டே செய்யுங்க' என்று மட்டும் நினைவூட்டலாம். சிலருக்குத் தனியாகப் பேசக் கூச்சம். அவர்களுக்கு சச்மன் வழி நல்லது: கணவன் மனைவியையோ, இரண்டு தோழிகளையோ சேர்த்து உட்கார வைத்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும்.

"இதை அழுத்தட்டுமா தம்பி?" என்று கேட்பார்கள். கேட்டே தீர்வார்கள். "நான் இங்க இல்லேன்னா என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். இதுதான் ஆகக் கடினம். கையை நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்காரப் பழகுங்கள்.

என் இரண்டாவது ஆள் மூன்றாவது மாடி அக்கா. மாமா கதைக்குப் பிறகு பிழைச் செய்தியைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்திருந்தேன், வீட்டு எண்ணைப் பட்டியலில் இருந்து தேர்வு செய்கிற மாதிரி மாற்றியிருந்தேன். அக்கா எல்லாவற்றையும் சரியாக நிரப்பிவிட்டுக் கடைசியில் நின்றார். "சமர்ப்பின்னு போட்டிருக்கே, இது சாமிக்கா?" அவருக்குத் தெரிந்த சமர்ப்பணம் கோயிலில் நடப்பது. நியாயம்தானே? வீட்டில் யார் எதைச் சமர்ப்பிக்கிறார்கள்? 'அனுப்பு' என்று மாற்றினேன். 'உள்நுழை', 'மீட்டமை' என்று நாம் அகராதியைப் பார்த்து எழுதி வைக்கும் சொற்கள் எத்தனை இப்படி நிற்கின்றனவோ.

எத்தனை பேரை இப்படிப் பார்த்தால் போதும்? ஐந்து என்பது இந்தத் துறையில் மந்திரம் மாதிரி. 1993-இல் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் பல சோதனைகளை ஆராய்ந்து, ஒரு ஆள் சராசரியாக மொத்தச் சிக்கல்களில் 31 சதவீதத்தை வெளிக்கொண்டு வருகிறார் என்று கண்டார்கள். முதல் ஆளுக்குப் பிறகு கண்ணில் படாமல் மிஞ்சுவது 69 சதவீதம். இரண்டாவது ஆளுக்குப் பிறகு அந்த 69-இல் 69 சதவீதம், அதாவது சுமார் 48. இப்படியே போனால் ஐந்தாவது ஆளுக்குப் பிறகு சுமார் 16தான் மிஞ்சும். ஆக ஐந்து பேரிலேயே 84, 85 சதவீதம் தெரிந்துவிடும். ஆறாவது ஆளைக் கூப்பிடுவதைவிட, கண்டுபிடித்ததைத் திருத்திவிட்டுப் புதிதாக ஐந்து பேரைக் கூப்பிடுவது லாபம்.

கணக்கு அழகு. ஆனால் அந்த 31 எல்லா இடத்திலும் 31 இல்லை. 2001-இல் ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் பொருள் விற்கும் இணையதளங்களைச் சோதித்தபோது, முதல் ஐந்து பேரால் 35 சதவீதச் சிக்கல்கள்தான் தெரிந்தன. ஒவ்வொருவரும் வேறு வேறு பொருளைத் தேடி வேறு வேறு வழியில் போகிற பெரிய தளத்துக்கும், நான்கு கேள்வி உள்ள என் படிவத்துக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? இன்னும் சங்கடமான செய்தி டென்மார்க்கின் ரால்ஃப் மொலிச்சிடம் இருந்து வந்தது. அவர் ஏற்பாடு செய்த ஒப்பீட்டில் ஒன்பது குழுக்கள் தனித்தனியாக ஹாட்மெயில் என்ற மின்னஞ்சல் தளத்தைச் சோதித்தன. மொத்தம் 310 சிக்கல்கள் பட்டியலில் வந்தன. அதில் நான்கில் மூன்று பங்கு, ஒரே ஒரு குழுவின் கண்ணில் மட்டும் பட்டவை. ஒரே நோயாளியை ஒன்பது டாக்டர் பார்த்து ஒன்பது சீட்டு எழுதியது போல. என்னைக் கேட்டால், 'ஐந்து பேர் போதும்' என்பதை 'ஐந்து பேரையாவது பாருங்கள்' என்று படிப்பதே நல்லது. யாரையும் பார்க்காமல் வெளியே வருகிற பொருள்கள்தான் நம்மைச் சுற்றி நிறைய.

மதிப்பெண் போடலாமா?

போடலாம். யூஸபிலிட்டிக்கு ஐஎஸ்ஓ 9241 என்ற சர்வதேசத் தரத்தின் 11-ஆம் பகுதி மூன்று அளவு சொல்கிறது: வேலை சரியாக முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் பிடித்தது, செய்தவருக்குத் திருப்தியா. அதுவும் குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட சூழல் என்று சொல்லித்தான் அளக்க வேண்டும். பொதுவாக 'எளிது' என்று எதையும் சொல்ல முடியாது.

திருப்தியை அளக்க, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்த ஜான் ப்ரூக் 1986-இல் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளைச் செய்தார். எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூஸபிலிட்டி ஸ்கேல்) என்பார்கள். ஒற்றைப்படை வரிகள் புகழும், இரட்டைப்படை வரிகள் குறை சொல்லும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போட வேண்டும். புகழும் வரிகளில் போட்ட எண்ணில் 1 கழிக்க வேண்டும், குறை வரிகளில் 5-இல் இருந்து போட்ட எண்ணைக் கழிக்க வேண்டும். எல்லாம் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 100-க்கு ஒரு மதிப்பெண். புகழுக்கெல்லாம் 4, குறைக்கெல்லாம் 2 போட்டால் 75 வரும். ஆனால் இது சதவீதம் இல்லை. நிறையச் சோதனைகளின் சராசரியே 68-ஐ ஒட்டி இருக்கிறது, அதனால் 60 என்பது முதல் வகுப்பு என்று மகிழ வேண்டாம்.

என் மூன்றாவது ஆள் ஒரு கல்லூரி மாணவி. கட்டைவிரலால் நாற்பது விநாடியில் முடித்துவிட்டாள். மதிப்பெண் 90. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பதிவைப் பார்த்தால், அவள் பணம் ஜனவரிக் கணக்கில் ஏறியிருந்தது. மாதப் பட்டியலில் ஜனவரியை நான் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும்படி விட்டிருந்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. வேகம் பிரமாதம், திருப்தி பிரமாதம், வேலைதான் முடியவில்லை. அவளுக்கு அது தெரியவும் தெரியாது. மாமாவுக்காவது ஏதோ தப்பு என்று தெரிந்தது.

இப்படித் தெரியாமலே தப்பாகிப் போவதன் விலையை 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் உலகமே பார்த்தது. ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுன்டியில், முதியவர்கள் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்கினார்கள். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காமல் இடம், வலம் என்று இரண்டு பக்கத்துக்குப் போயின. துளையிடும் இடங்கள் நடுவில் ஒரே வரிசையில். இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர், ஆனால் அவருக்கு உரியது மூன்றாவது துளை. இரண்டாவது துளை வலப்பக்கத்து பேட் புக்கானனுக்கு. அந்தக் கவுன்டியில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. கோரை எதிர்த்து நின்ற ஜார்ஜ் புஷ் மாநிலத்தை வென்ற வித்தியாசம் 537. நம் வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெயர், சின்னம், நீலப் பொத்தான் மூன்றும் ஒரே வரியில் இருக்கின்றன. அழுத்திய பின் எந்தச் சின்னம் என்று காகிதச் சீட்டு ஏழு விநாடி கண்ணாடி வழியாகத் தெரிகிறது. 'நீ செய்தது இதுதான்' என்று பொருளே திருப்பிச் சொல்வது பெரிய விஷயம்.

என் படிவத்தில் அதுதான் இல்லை. மாதத்தைக் காலியாக விட்டு, தேர்வு செய்தால்தான் மேலே போக முடியும் என்று மாற்றினேன். செப்டம்பரில் எல்லோருக்கும் இணைப்பை அனுப்பினேன். மறுநாள் காலை சர்வர் பதிவைத் திறந்தேன். ஜி2: சமர்ப்பிப்பு ஒன்று, வெற்றி ஒன்று. மாமா தன்னந்தனியாக, ஒரே அழுத்தில் முடித்திருக்கிறார். பெருமையாக காபியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மாமா, கையில் போன். "அனுப்புன்னு அழுத்தினேன்ப்பா. எல்லாம் அழிஞ்சு வெறும் பக்கமா நிக்குது. பணம் வந்துச்சா, வரலையா?"